முச்சந்தியில் வைத்த தேத்தண்ணி

மலாயாவின் மூங்கிலாற்று ரப்பர் தோட்டத்தில் பெரட்டு மணி அடிக்கும்போது இருட்டு விலகியிருக்காது. ஆட்கள் வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு, வாளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் போவார்கள். அன்றும் அப்படித்தான் போனார்கள். மங்களத்தின் பார்வை மட்டும் ஆட்களின் வீடுகள் வரிசையாக நின்ற லயத்துக்குக் கீழே, ஓடைக்கரையில் புதிதாக எழும்பியிருந்த அத்தாப்பு ஓலைக் குடிசையின் மேல் இருந்தது. அங்கே அப்போதே அடுப்பு புகைந்தது.

"பாத்தியாக்கா, நமக்கு முந்தி எந்திரிச்சிருக்கா," என்றாள் மங்களம்.

"தூங்கினாத்தானே எந்திரிக்கிறதுக்கு," என்றாள் பக்கத்து வீட்டு நல்லம்மாள். "அவ கண்ணப் பாரு. தூங்குற கண்ணா அது?"

குடிசையில் இருந்தது மூன்றே பேர். ஆ லான் என்ற சீனப் பெண், அவள் முதுகில் துணி போட்டுக் கட்டிய கைக்குழந்தை, அவளுடைய மாமனார் கிழவர். சீனாவில் சண்டை, பட்டாளத்துக்காரர்கள் ஊரைக் கொளுத்திவிட்டார்கள், உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடிவந்தவர்கள் என்று தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி சொல்லியிருந்தார். மரம் வைக்க உதவாத சேற்று நிலத்தில் கீரை போட்டுப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று தோட்டத்து வெள்ளைக்கார துரையும் விட்டுவிட்டார். விஷயம் இவ்வளவுதான். ஆனால் விஷயம் இவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டால் குழாயடியில் பேச என்ன இருக்கிறது?

பேசினார்கள். சண்டையென்றால் இவர்கள் மட்டும் எப்படித் தப்பினார்கள்? என்ன செய்துவிட்டு ஓடி வந்தார்களோ? புருஷன் எங்கே? ஒருநாள் நல்லம்மாளின் கோழியைக் காணவில்லை. சீனத்தி குழம்பு வைத்துவிட்டாள் என்று லயம் முழுக்கச் செய்தி. மறுவாரம் அந்தக் கோழி விறகுக் கொட்டகையில் அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழி திரும்பி வந்தது, சொன்ன சொல்லை மட்டும் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஆ லான் மாலையில் லயத்துக்கு வருவாள். தன் பன்றிக்குட்டிகளுக்காக வீட்டு வீடாகக் கழனித்தண்ணி கேட்பாள். கேட்க அவளுக்குப் பாஷை கிடையாது. வாளியைக் காட்டுவாள், சிரிப்பாள், குனிந்து கும்பிடுவாள்.

"அந்தச் சிரிப்பு இருக்கே," என்பாள் மங்களம். "காரியம் இல்லாம யாரும் இப்படிச் சிரிக்கமாட்டாங்க."

காரியம் இருந்தது. கழனித்தண்ணி வேண்டும் என்பதுதான் காரியம். மங்களத்துக்கு அது போதவில்லை.

இந்த மங்களம் யார் என்று கேட்டால், அவளும் மழை பொய்த்து, நிலம் வெடித்து, நாகப்பட்டணத்தில் புருஷன் ஐயாவுவோடு கப்பல் ஏறியவள்தான். கைப்பிள்ளையாக ஒரு பெண் குழந்தை இருந்தது. பேச்சி என்று பெயர். கப்பலின் மேல்தட்டில் பேதி கண்டு, கரை தெரிவதற்குள் போய்விட்டது. சாக்கில் சுற்றிக் கடலில் விட்டார்கள். அதன்பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுத்ததில்லை. சின்னப் பிள்ளைக்கு அமாவாசைப் படையலும் கிடையாது, புதைத்த இடம் என்று போய் நிற்கவும் வழியில்லை. பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு, பல வருஷம் கழித்து ஒரு பையன் பிறந்தான். அவனுக்குப் பெயரே பத்துமலை என்று வைத்தார்கள். மூன்று வயது. அவன் தும்மினால் இவளுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

ஆடி அமாவாசை கழிந்து, அடுத்து வந்த பௌர்ணமி நாள். பொழுது சாயும் நேரத்தில் பத்துமலை எதையோ மென்றுகொண்டு வந்தான். கையில் பாதி கடித்த வெள்ளை அப்பம்.

"யாருடா குடுத்தா?"

"அங்க," என்று பையன் செம்மண் சாலையைக் காட்டினான்.

மங்களம் ஓடினாள். லயத்துச் சாலையும் ஓடைக்குப் போகும் பாதையும் சேரும் முச்சந்தியில் வாழை இலை போட்டு இரண்டு கிண்ணம் சோறு, ஒரு துண்டு பன்றிக்கறி, அடுக்கி வைத்த அப்பம், எரிந்த காகிதச் சாம்பல், புகையும் ஊதுபத்தி. சற்றுத் தள்ளி ஆ லான் குழந்தையோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

நம் ஆட்களுக்கு முச்சந்தியில் சோறு கண்டால் ஒரே அர்த்தம்தான். கழிப்பு. வீட்டுப் பீடையைச் சோற்றோடு இறக்கி, முச்சந்தியில் விட்டுவிடுவது. மிதிக்கிறவனுக்கு, தொடுகிறவனுக்கு, அது போய்விடும். இவன் தொடவில்லை, தின்றேவிட்டான்.

இரண்டு நாள் கழித்துப் பத்துமலைக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மறுநாள் விட்டது. அதற்கடுத்த நாள் அதே நேரத்துக்கு மறுபடி வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் வந்து பையனின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"முறைக்காய்ச்சல்மா. ஓடைக்கரை கொசு. கொயினா மருந்து தாரேன், கசக்கும், துப்புவான். மூக்கப் புடிச்சு ஊத்து. ஒரு வேளை விடாத," என்று சொல்லிப் போனார்.

காய்ச்சலுக்கு அந்தத் தோட்டத்தில் வேறு காரணம் தேடவேண்டிய அவசியமே இல்லை. அதே வாரத்தில் மேல் லயத்திலும் சிலர் படுத்திருந்தார்கள். அவர்கள் யாரும் அப்பம் தின்னவில்லை. இது மங்களத்தின் கண்ணில் படவில்லை. சந்தேகப்பட முடிவு செய்துவிட்டவளுக்குக் கண் ஒரு பக்கம்தான் பார்க்கும்.

"இது மருந்துக்குக் கேக்கிற காய்ச்ச இல்ல மங்களம்," என்றாள் நல்லம்மாள். "கழிப்பத் தின்னுருக்கான். மருந்து குடுத்தா உள்ள எறங்கிடும். வச்சவ இங்க இருக்குற வரைக்கும் அது போகாது."

கொயினா அடுப்பங்கரை மாடத்தில் மூடிக் கிடந்தது. ஐயாவு சாந்தமான ஆள். ரப்பர் புகைக்கூடத்தில் வேலை. "டிரெசர் குடுத்தத ஊத்திப் பாப்பமே," என்றான்.

"நீ சும்மா இரு. ஒருத்தியக் கடலுக்குக் குடுத்தாச்சு. இவனையும் குடுக்கச் சொல்றியா?"

ஐயாவு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். அவன் அன்று போகாமல் இருந்திருக்கலாம்.

மங்களம், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி கார்த்திகேசுவிடம் போய் அழுதாள். சீனத்தி பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாள், அவள் இருந்தால் லயத்தில் ஒரு பிள்ளை தங்காது என்றாள். கங்காணி விவரமான மனிதர். துரையிடம் சூனியம் கீனியம் என்று உளறமாட்டார். சீனர்களின் பன்றிக் கொட்டகையால்தான் லயத்தில் காய்ச்சல் பரவுகிறது, ஆட்கள் வேலையை விட்டுப் போய்விடுவோம் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். துரைக்கு ஆள் முக்கியம். சனிக்கிழமைக்குள் குடிசையைக் காலி செய்யச் சொல் என்று கை அசைத்தார்.

அத்தோடு மங்களத்துக்கு ஆத்திரம் அடங்கியதா? வந்த பீடையை வந்த இடத்துக்கே அனுப்பவேண்டும் என்றாள் நல்லம்மாள். வியாழக்கிழமை பொழுது சாய, மங்களம் ஒரு பூசணிக்காயைப் பிளந்து குங்குமம் தடவி, எலுமிச்சம்பழம், மஞ்சள் சோறு, வேப்பிலை, எரியும் சூடத்தோடு அதே முச்சந்தியில், குடிசைக்கு இறங்கும் பாதையின் வாயில் வைத்தாள். "எம்புள்ளைக்கு வந்தது ஒம்புள்ளைக்குப் போகட்டும்," என்று வாய்விட்டுச் சொன்னாள். முதுகில் கட்டிய அந்தக் கைக்குழந்தையை நினைத்துக்கொண்டேதான் சொன்னாள். ஒரு தாய் சொல்கிற சொல்லா இது? சொன்னாள்.

மறுநாள் பையனுக்குக் காய்ச்சல் இன்னும் கூடியது. சாயங்காலம் கண்கள் மேலே சொருகின. மங்களம் பதறிப்போய், தான் வைத்தது அப்படியே இருக்கிறதா, சீனத்தி மிதித்தாளா என்று பார்க்க ஓடினாள்.

யாரும் மிதிக்கவில்லை. பூசணிக்காய் அப்படியே இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் மூன்று ஊதுபத்தி குத்தியிருந்தது. மண் தொட்டியில் ஊன்றியதுபோல ஒழுங்காக, சாயாமல். அதன் முன்னால் சின்னப் பீங்கான் கோப்பை நிறையத் தேத்தண்ணி.

மங்களத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. திருப்பிவிட்டாள் பார், இவள் வைத்ததன் மேலேயே வேலை செய்திருக்கிறாள் பார். இடுப்பில் செருகியிருந்த பால்வெட்டுக் கத்தியோடு பாதையில் இறங்கினாள்.

குடிசைக்குள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கிழவர் வாலிபத்தில் லாருட் ஈயச் சுரங்கத்தில் வேலை செய்து, சீனாவுக்குத் திரும்பிப் போய், காலம் போன காலத்தில் மறுபடி இந்த மண்ணுக்கே துரத்தப்பட்டு வந்தவர். அதனால் அவருக்குக் கடைத்தெரு மலாய் தெரியும். மங்களத்துக்கும் அது தெரியும். அவர்கள் மலாயில் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"முச்சந்தியில் என்ன வைத்தீர்கள்?" என்று கத்தினாள் மங்களம்.

கிழவர் கத்தியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மருமகளைத் தன் பின்னால் இழுத்துவிட்டார். "நாளைக்குப் போய்விடுகிறோம். போகிறவர்களிடம் என்ன சண்டை?"

"என்ன வைத்தீர்கள்?"

"நான் வைக்கவேண்டாம் என்றுதான் சொன்னேன்," என்றார் கிழவர். "இந்தியாக்காரர்கள் சிவப்புப் பொடி தடவி எதையோ வைத்திருக்கிறார்கள். நமக்கு நல்லது நினைத்து வைத்திருக்கமாட்டார்கள், தொடாதே, சுற்றிப் போ என்று சொன்னேன். எனக்கு உங்கள் ஆட்கள் மேல் நம்பிக்கை கிடையாது. இவள் கேட்கவில்லை."

"இவள் என்ன சொன்னாள்?"

கிழவர் சொல்லத் தயங்கினார். ஆ லான் அவர் கையைத் தட்டி ஏதோ சொன்னாள். சொல்லுங்கள் என்றிருப்பாள்.

"அந்தப் பெண் வீட்டிலும் யாரோ வழியில் செத்திருக்கிறார்கள் என்றாள். அதுதான் நம்மைப்போலவே முச்சந்தியில் சோறு வைத்திருக்கிறாள். பாவம், துக்கத்தில் தண்ணீர் வைக்க மறந்துவிட்டாள். வெறும் சோற்றைத் தின்றால் செத்தவர்களுக்கு விக்காதா என்றாள். இவளே தேநீர் போட்டுக் கொண்டுபோய் வைத்தாள்."

மங்களம் நின்ற இடத்திலேயே நின்றாள். கேட்டது சரிதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அவளுக்குப் பழகிய சந்தேகம் இல்லை இது.

"அன்றைக்கு நீங்கள் வைத்த சோறு?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"அதுவா. எங்கள் ஏழாம் மாதம். கேட்பாரில்லாமல் செத்தவர்களுக்கு வைக்கிற மாதம். ஒரு கிண்ணம் என் பெண்டாட்டிக்கு. ஒரு கிண்ணம் இவளுடைய மூத்த பையனுக்கு. கடற்கரைக்கு நடந்து வருகிற வழியில் இரண்டு பேரும் போய்விட்டார்கள். பட்டாளம் பின்னால் வந்தது, புதைக்க நேரமில்லை. பள்ளத்தில் விட்டுவிட்டு வந்தோம்." அவர் மூட்டையின் முடிச்சை இறுக்கினார். "என் மகனைச் சுமை தூக்கப் பட்டாளம் பிடித்துக்கொண்டு போனது. அவனுக்கு மட்டும் இவள் கிண்ணம் வைக்கவில்லை. வைத்தால் செத்தான் என்று ஆகிவிடுமாம்."

ஆ லான் மங்களத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவரிடம் மெதுவாக ஒன்று கேட்டாள்.

"உன் வீட்டில் செத்தது பெரியவரா, பிள்ளையா என்று கேட்கிறாள்," என்றார் கிழவர். "பிள்ளை என்றால் சர்க்கரை போட்டிருப்பாளாம்."

மங்களம் கத்தியைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

எதைச் செய்துவிட்டு வந்திருக்கிறாள் அவள்! அந்தப் பெண்ணின் முதுகில் இருக்கிற குழந்தை சாகவேண்டும் என்று வைத்த சோற்றுக்கு, அந்தப் பெண் தேத்தண்ணி ஊற்றி வைத்திருக்கிறாள். இத்தனை வருஷமாகப் பெற்ற தாயே ஒரு வாய் தண்ணீர் வைக்காத பிள்ளைக்கு, முகம் தெரியாத ஒருத்தி வைத்திருக்கிறாள்.

"பிள்ளைதான்," என்றாள் மங்களம் அழுதுகொண்டே. "பெண் பிள்ளை. கப்பலில் போய்விட்டது. கடலில் போட்டுவிட்டார்கள்."

"நாமா?" என்றார் கிழவர். மலாயில் பெயர் கேட்கிறார்.

"பேச்சி."

"பே…ச்சி," என்று சொல்லிப் பார்த்தாள் ஆ லான். பிறகு, கட்டி முடித்திருந்த மூட்டையை அவிழ்த்து, அதன் அடியிலிருந்து சர்க்கரைப் பொட்டலத்தைத் தேடி எடுத்தாள்.

கிழவருக்கு அது பிடிக்கவில்லை. "அழுதால் போதுமா? நாளைக்கு நாங்கள் எங்கே போவோம்?" என்று முணுமுணுத்தார். அவர் கேட்டது நியாயம்தான். மங்களம் எழுந்து வீட்டுக்கு ஓடினாள்.

மாடத்தில் கிடந்த கொயினாவை எடுத்துப் பத்துமலையின் மூக்கைப் பிடித்து ஊற்றினாள். அவன் துப்பினான். மறுபடி ஊற்றினாள். ஐயாவு பையனின் காலைப் பிடித்துக்கொண்டான். நடந்ததையெல்லாம் அவள் சொல்ல, அவன் பிடித்த பிடியை விடாமல் கேட்டான். பேச்சி என்று அவள் சொன்னபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சொல்லிவிடுகிறேன், பையன் பிழைத்துக்கொண்டான். ஆளை உருக்கித்தான் விட்டது அந்தக் காய்ச்சல். ஆனாலும் அடுத்த பௌர்ணமிக்குள் பழையபடி கண்டதைத் தின்றுகொண்டு திரிந்தான். ஆனால் சனிக்கிழமை காலை பெரட்டுக்குப் போனபோது மங்களத்துக்கு அது தெரியாது. நெருப்பாய்க் கொதிக்கிற பிள்ளையைப் புருஷன் மடியில் விட்டுவிட்டுத்தான் போனாள்.

அன்று துரையும் வந்திருந்தார். பேர் கொடுத்து முடிந்ததும் மங்களம் வரிசையை விட்டு முன்னால் போனாள்.

"தொரை, அந்தச் சீன ஆளுங்க போகவேணாம். கங்காணிகிட்ட நான் சொன்னது பொய். அவங்களால யாருக்கும் காய்ச்ச வரல. மேல் லயத்துலயும் வந்திருக்கு. எம்புள்ளைக்கு மருந்து குடுக்காம வச்சிருந்தது நான்தான்."

துரை தமிழ் படித்தவர், அரைகுறையாகப் பேசுவார். கங்காணியைப் பார்த்தார். "நீ என்னா சொன்னே? ஆள் போறான், வேலை விட்டுப் போறான், சொன்னே?"

கார்த்திகேசு தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தார். துரைக்குக் காலை உணவு ஆறிக்கொண்டிருந்தது. "பன்னி வூடு மட்டும் ஓடை விட்டுத் தூரம் கட்டச் சொல்லு. ஆள் இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு இது அரை நிமிஷத்து வேலை. ஒரு குடும்பத்துக்கு அதுதான் இருக்க இடம்.

துரையின் தலை மறைந்ததும் கங்காணி மங்களத்தின் பக்கம் திரும்பினார். வரிசை கலையவில்லை. எல்லாரும் கேட்கவேண்டும் என்றே நின்றார்கள்.

"ஏம் மங்களம், நீதானே வந்து அழுத? ஒனக்காகத்தானே பேசினேன். இப்ப நாலு பேருக்கு முன்னாடி என் மூஞ்சியில கரி பூசிட்டியே. யாருக்காக? நம்ம சனமா அது? நேத்து வந்ததுங்க."

"நேத்து வந்தாங்க, சரி," என்றாள் மங்களம். "நாம எப்ப வந்தோம் கங்காணி? முந்தாநாளு வந்தோம். அவ்வளவுதான வித்தியாசம்."

கங்காணி தொப்பியைத் தலையில் அழுத்தி மாட்டினார்.

"அவங்க ஊரு நெருப்புல போச்சு, நம்ம ஊரு வறட்சியில போச்சு," என்றாள் அவள், இப்போது வரிசையில் நின்றவர்களைப் பார்த்து. "பொழைக்க எடமில்லாமத்தான் எல்லாரும் கப்பல் ஏறினோம். முன்னாடி எறங்குனவங்க பின்னாடி வாரவங்களச் சந்தேகப்பட்டு வெரட்டிக்கிட்டே இருந்தா, அப்புறம் யாருக்குத்தான் கால் வைக்க எடம் இருக்கும்? அவ யாரு, எதுக்கு வந்தா, யாரப் பறிகொடுத்தான்னு ஒரு வார்த்த போய்க் கேட்டிருக்கணும் நான். கேக்காம சந்தேகப்பட்டேன். அந்தச் சந்தேகத்துக்கு எம்புள்ளையவே பலி குடுக்கப் பாத்தேன். அவ என்னை ஒரு கேள்வியும் கேக்காமலே எனக்கும் ஒரு துக்கம் இருக்கும்னு நெனச்சா. அகதியா வந்தவளுக்கு அந்த மனசு இருக்கு, எடம் புடிச்சு உக்காந்திருக்கிற நமக்கு இல்லாமப் போச்சே."

மங்களம் தன் வாளியைக் கங்காணியின் காலடியில் வைத்தாள்.

"இன்னைக்கு எனக்குப் பேர் போடாதீங்க. பன்னிக் கொட்டாயத் தூக்கி வைக்க அந்த வீட்டுல கிழவரும் அவளும்தான் இருக்காங்க. நான் போறேன். வாரவங்க வாங்க."